ஆயிரத்து முந்நூறிலிருந்து கீழே

காலை ஒன்பது மணிக்கு உலை ஆற ஆரம்பித்தது. ஆயிரத்து முந்நூறு டிகிரியிலிருந்து நூறு டிகிரிக்கு இறங்கவேண்டும். நிமிஷத்துக்கு மூன்று டிகிரிதான், அதற்கு மேல் அவசரப்படுத்தினால் உள்ளே இருக்கிற ஓடு பிளந்துகொள்ளும். ஆக ஆறு மணி நாற்பது நிமிஷம், அதாவது மூன்று நாற்பது வரைக்கும் தில்லைநாயகிக்கு அந்த நாற்காலிதான் கதி. மூன்று மணிக்குச் செண்பகராமன் வருகிறான். கம்பெனி கேட்டில் வைத்து வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்துத் தென்காசிக்கு, அவன் அம்மா வீட்டுக்குப் போகிறான். எப்போது திரும்புவீர்கள் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேர், நேற்று சாயங்காலம் யாரோ மூன்றாம் மனுஷர்கள் மாதிரி கேஸ் புத்தகம் எங்கே, மின்சார அட்டை எங்கே என்று ஒப்படைப்புப் பேச்சுப் பேசி முடித்தார்கள். அவளுக்கு அவனிடம் சொல்ல ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. ஏழு மாசமாகத் தொண்டைக்குழி வரைக்கும் வந்து வந்து திரும்பிப்போகிற விஷயம். இன்றைக்கு விட்டால் இனிமேல் கேட்க அவன் இருக்கப்போவதில்லை. இரண்டரை மணி தாண்டியதும் உலை முந்நூறுக்குக் கீழே வந்துவிடும், அதற்கப்புறம் பயமில்லை, மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் எழுந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று காலையிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கணக்குப் போடுவதில் அவளைச் சும்மா சொல்லக்கூடாது.

உள்ளே இருக்கிற ஓடு உள்ளங்கை அகலம்தான். நூல் நெய்கிற மாதிரி இழை இழையாக நெய்து, அதைப் பீங்கானாக இறுக்கி, மேலே ஒரு பூச்சுப் பூசியது. விமான இன்ஜினின் வயிற்றுக்குள், நெருப்பு நேராக அடிக்கிற இடத்தில் இதைப் பதிக்கவேண்டும். இப்போது அங்கே உலோகம் இருக்கிறது, அது உருகிவிடாமல் இருக்கக் காற்றை ஊதி ஊதிக் குளிர்விக்கிறார்கள், அந்தக் காற்றெல்லாம் வீண். இந்த ஓடு தாங்கிவிட்டால் அந்தக் காற்று மிச்சம், எரிபொருள் மிச்சம், இன்ஜினையே வேறு மாதிரி அமைக்கலாம், சத்தமும் பாதியாகக் குறையும். சத்தம் என்ற சொல் வந்ததும் மனசு ஒரு எட்டு பொழிச்சலூருக்குப் போய்விட்டது. அவர்கள் வீட்டு மொட்டைமாடிக்கு மேலேதான் விமானம் இறங்கும். சக்கரத்தை எண்ணலாம், அவ்வளவு தாழ்வாக. அந்தத் தெருவில் யாரானாலும் பேசிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தால் சொல் பாதியில் நிற்கும், அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும், புதிதாக வருகிறவர்களுக்குத்தான் அது வேடிக்கை. மகள் ஆதிரை மட்டும் நிறுத்தமாட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொண்டே இருப்பாள், விமானம் போனதும், புரிஞ்சுதா, என்று கேட்பாள். புரிஞ்சுது என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சத்தம் போடாத ப்ளேன் பண்றேன்னு சொன்னியே, அது எப்பம்மா வரும்? நீ ரெண்டாங்கிளாஸ் போறதுக்குள்ள வந்துடும். வாயில் வந்ததைச் சொன்னாள், பத்து வருஷமாவது ஆகும் என்று தெரிந்தே சொன்னாள். ரெண்டாங்கிளாஸ் இந்த ஜூனில் திறந்துவிட்டது. இப்போதும் விமானம் போகிறது. அவளும் செண்பகராமனும் பேச்சைப் பாதியில் நிறுத்துகிறார்கள். அது போனபிறகு யாரும் தொடர்வதில்லை.

ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு. நல்ல நேர்கோடாக இறங்குகிறது. ஓட்டின் ஓரத்தில் ஒரு கம்பியும், கம்பியின் நுனியில் ஒரு மைக்கும் இருக்கிறது. ஓட்டுக்குள் மயிரிழை விரிசல் விட்டாலும் அதற்குக் கேட்டுவிடும், மனுஷக் காதுக்குக் கேட்காது, திரையில் ஒரு எண்ணிக்கை ஏறும். இதுவரைக்கும் பூஜ்யம். அறுநூறிலிருந்து முந்நூறு வரைக்கும்தான் கண்டம். பூச்சு ஒரு வேகத்தில் சுருங்கும், உள்ளே இருக்கிற உடம்பு இன்னொரு வேகத்தில் சுருங்கும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். கைபேசியின் அலை அந்த மைக்கில் கலந்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் போன் எல்லாம் வெளி அறை மேஜை இழுப்பறையில். உலையை யார் ஏற்றினார்களோ அவர்கள்தான் இறக்கவேண்டும், தாளில் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே பெயர் இருக்கவேண்டும் என்பது இந்த ஆய்வகத்தில் எழுதாத சட்டம். பெயர் மாறினால் அந்தத் தாளை எல்லாரும் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பதினொரு வருஷத்தில் தில்லைநாயகியின் தாளில் இரண்டாவது பெயர் விழுந்ததே கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை இந்த நாற்காலிக்கு முன்னால் நிறுத்தி முதல் நாளே சொல்லிவிடுவாள்: ஏறும்போது எல்லாமே தாங்கும், ஆறும்போதுதான் விரியும், சூடு குறைஞ்சுடுச்சேன்னு யாரும் எழுந்து போகக்கூடாது. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். முப்பது பேருக்கு. முப்பது பேருக்கும் வாய் வலிக்கச் சொன்னவள்.

ரெஜினா டீ கொண்டுவந்து வைத்தாள். நாகர்கோவில் பெண், நாலு வருஷமாகக் கூடவே வேலை பார்க்கிறவள், விஷயம் தெரிந்தவள். நீங்க வேணா போங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன், ஒரு நாள்தானே என்றாள். தில்லைநாயகி தலையை ஆட்டினாள், அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியாது. டீயில் ஆடை படிந்தது. ஆடையை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். விரல் சுட்டது. சுடுகிறதா இல்லையா என்று இந்தக் கைக்கு என்ன தெரியும்? அரை டிகிரி பிசகினால் கண்டுபிடித்துவிடுவாள் என்று ஆய்வகத்தில் பெயர் வாங்கின கை, புறங்கையைத் திருப்பிக் குழந்தை நெற்றியில் வைத்துப் பார்த்தது. ஏழு மாசத்துக்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரம், ஐந்தரை இருக்கும். மூன்று நாளாக நூற்று மூன்று, நூற்று நாலு என்று கொதித்த நெற்றி. வெயிலில் கிடந்த தண்ணீர்க்குடம் நிழலுக்கு வந்த மாதிரி இருந்தது. தெர்மாமீட்டரையும் வைத்தாள். தொண்ணூற்று ஏழரை. மாரியம்மா, காப்பாத்திட்ட தாயே என்று வாய்விட்டே சொன்னாள். கால் பக்கம் போர்வையை இழுத்துவிட்டபோது பாதம் சில்லென்று இருந்தது. மின்விசிறியைக் குறைத்தாள். அவ்வளவுதான் செய்தாள், மின்விசிறியைக் குறைத்தாள். செண்பகராமன் தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்தான். காய்ச்சல் விட்டுருச்சுங்க, மூணு நாளா தூங்கல பாவம், நல்லா தூங்கட்டும், எழுப்பாதீங்க என்று சொல்லிவிட்டு, ஏழு மணிக்கு உலை இறங்க ஆரம்பித்துவிடும் என்று ஓடினாள்.

இதுவரைக்கும் அவனுக்கும் தெரியும். தெரியாதது இதற்கு முந்தைய நாள் சாயங்காலம் நடந்தது. பக்கத்துத் தெரு டாக்டரம்மாவிடம் போயிருந்தார்கள். அவன் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு இறங்கிவிட்டான். குழந்தை இவள் தோளில் சரிந்து கிடந்தது. ஒரு கையில் போன். ஆய்வகத்திலிருந்து ஏதோ வந்திருந்தது, வாசித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா நல்ல மனுஷி, நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னார். காய்ச்சல் விட்டதும் ஏமாந்துடாதீங்கம்மா, டெங்குல காய்ச்சல் விட்ட அப்புறம்தான் பாத்துக்கணும், கை கால் சில்லுனு ஆனாலோ குழந்தை தூங்கித் தூங்கி விழுந்தாலோ ஒரு நிமிஷம்கூட வெச்சிருக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க. சரி டாக்டர் என்றாள். கேட்டது, காதில் விழுந்தது, சரி டாக்டர் என்று வாயும் சொன்னது. கீழே வந்ததும் என்ன சொன்னாங்க என்று செண்பகராமன் கேட்டான். ஒண்ணுமில்ல, நிறைய தண்ணி குடுக்கச் சொன்னாங்க என்றாள். ஒண்ணுமில்ல. எந்த வாய்க்கு அப்படி வந்தது? அவள் வேண்டுமென்று மறைக்கவில்லை, சாமி சத்தியமாக மறைக்கவில்லை, அந்த நேரத்தில் ஞாபகத்தில் நின்றது தண்ணீர் மட்டும்தான்.

அப்புறம் ஆஸ்பத்திரி. பெரிய டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, காய்ச்சல் விட்டு எவ்வளவு நேரமாச்சு, யார் பக்கத்துல இருந்தது என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் செண்பகராமன் நான்தான் சார், நான்தான் இருந்தேன், தூங்குறாளேன்னு விட்டுட்டேன் என்று மொத்தத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டான். வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக்கொடுக்கிற வேலை அவனுக்கு. அவள் அப்பா சபாநாயகத்துக்கு, சிதம்பரத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு, அது ஒரு வேலையாகவே படாது. காரியம் முடிந்த பதினாறாம் நாள், சாதி சனம் அத்தனை பேர் முன்னாலும், பொண்டாட்டி சம்பாதிக்கிறா, வீட்டுல உக்காந்திருக்கிறவன் ஒரு குழந்தையப் பாத்துக்க மாட்டானா, நீயெல்லாம் ஒரு அப்பனா என்று கேட்டார். அதற்கப்புறம் அவரைப் பொறுத்தவரை அவனுக்குப் பெயர் கிடையாது, மாப்பிள்ளை என்ற சொல்லும் கிடையாது, அவன் இவன்தான். செண்பகராமன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அன்றைக்கும் இல்லை, இந்த ஏழு மாசத்தில் ஒரு நாளும் இல்லை. அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று நினைக்கிற ஆள். இவள் பக்கத்தில் நின்றாள். வாயில் மண்ணைப் போட்ட மாதிரி நின்றாள். எல்லாரும் பெற்ற வயிறு, பாவம், பேச்சு மூச்சு இல்லை பாரு என்று இவளைத்தான் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தக் கைகளெல்லாம் இப்போதும் முதுகில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

மணி பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. அறுநூறு. போனை இழுப்பறையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எண்ணிக்கை இன்னும் பூஜ்யம். பூச்சு அருமையாக நிற்கிறது. அன்றைக்கும் இப்படித்தான் நின்றது. அதை நினைக்கக்கூடாது. வேறு எதையாவது நினைக்கலாம், தென்காசியில் இப்போது சாரல் ஆரம்பித்திருக்கும், அவனுக்குச் சளி பிடிக்கும், பையில் ஸ்வெட்டர் வைத்தானா தெரியவில்லை. அலமாரியில் அவன் பக்கம் காலியாகக் கிடந்தது, ஒரே ஒரு பழைய பனியன் மட்டும் மடித்து வைத்திருந்தது, மறந்துவிட்டானா விட்டுவிட்டானா. ஐந்நூற்று எண்பது. சாரல், சளி, ஸ்வெட்டர். ஐந்நூற்று அறுபது. டாக்டரம்மா சொன்னதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் மனுஷன் மன்னித்துவிடுவான். மறதி யாருக்கு இல்லை. மூன்று நாள் தூக்கமில்லாத உடம்பு, மறந்துபோச்சு. அப்படியே சொல்லிவிடலாம், முக்கால்வாசி உண்மைதானே. அவன் பெருமூச்சு விடுவான், அப்புறம் ஒருவேளை பையைக் கீழே வைத்தாலும் வைப்பான். ஐந்நூற்று முப்பத்தைந்து வந்தது. மணி ஒன்றே கால்.

இதே எண்தான். அன்றைக்குப் பதினொன்றே காலுக்குத் திரையில் இதே ஐந்நூற்று முப்பத்தைந்து. எந்தக் காரணமும் இல்லாமல், பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, டாக்டரம்மாவின் குரல் முழுசாக, ஒரு வார்த்தை விடாமல் வந்தது. காய்ச்சல் விட்ட அப்புறம்தான். கை கால் சில்லுனு. போர்வைக்குக் கீழே பட்ட பாதம் ஞாபகம் வந்தது. எழுந்துகூட நின்றாள். எழுந்து நின்றாள், அதுதான் அவளால் தாங்க முடியாதது. வெளி அறைக்குப் போய் போனை எடுக்கவேண்டும், அதற்கு ரெஜினாவைக் கூப்பிட்டு உட்காரவைக்கவேண்டும், உட்காரவைத்தால் தாளில் ரெஜினாவின் பெயரை எழுதவேண்டும். முந்நூறு வரட்டும், அவர் வீட்டில்தானே இருக்கிறார், தூங்குகிற பிள்ளைக்கு என்ன ஆகிவிடும், எல்லாம் என் வீண் பயம் என்று மறுபடி உட்கார்ந்தாள். பன்னிரண்டரைக்கு முந்நூறு வந்தது. போனை எடுத்தால் ஒன்பது அழைப்புகள், முதலாவது பதினொன்று ஐம்பதுக்கு. பாதியில் ஓடினாள், ரெஜினா மிச்சத்தைப் பார்த்துக்கொண்டாள், பெயரை மாற்றவில்லை, அந்தத் தாளில் இன்றைக்கும் தில்லைநாயகி என்ற ஒரு பெயர்தான் இருக்கிறது. சாயங்காலம் நாலரைக்கு ஆஸ்பத்திரி நாற்காலியில் இருந்தபோது மேலதிகாரியிடமிருந்து செய்தி வந்தது, ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை, வாழ்த்துகள் என்று. கால் மணி நேரம் கழித்து டாக்டர் கையை விரித்துவிட்டார். பதினொன்றே காலுக்கும் பதினொன்று ஐம்பதுக்கும் நடுவில் முப்பத்தைந்து நிமிஷம். முப்பத்தைந்தை மூன்றால் பெருக்கினால் நூற்று ஐந்து டிகிரி. அந்த நிமிஷங்களில் குழந்தை பிழைத்திருக்குமா என்று எந்த டாக்டரையும் அவள் கேட்கவில்லை, பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஒன்றரை மணிக்கு உள்தொலைபேசி அடித்தது. கேட்டிலிருந்து காவலாளி. மேடம், உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரு, பஸ்ஸு மூணு மணிக்கே இருக்காம், உடனே கிளம்பணுமாம், சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போகட்டுமான்னு கேக்குறாரு. திரையில் நானூற்றுத் தொண்ணூறு. கண்டத்தின் நட்டநடு. ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லலாம் என்று நாக்கு நுனிக்கு வந்தது. அந்த மனுஷனை இன்னும் ஒரு மணி நேரம். நிக்கச் சொல்லுங்க, வர்றேன் என்றாள். ரெஜினாவைக் கூப்பிட்டாள். தாளை எடுத்து, நேரத்தைப் போட்டு, ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர் என்ற இரண்டு கட்டங்களிலும் எழுதி, கையெழுத்துப் போட்டாள். ரெஜினாவும் போட்டாள். மொத்தம் இருபது வினாடி ஆனது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினாள். இருபதே வினாடி, கடவுளே, இவ்வளவுதானா. வெளி அறையில் போனை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கேட்டுக்கு வெளியே ஆட்டோ நின்றது. செண்பகராமன் வெயிலில் நின்றான், தோளில் ஒரு பை, காலடியில் ஒரு பை. சவரம் செய்திருந்தான், கன்னத்தில் எலும்பு தெரிந்தது. வேலை நேரத்துல வந்துட்டியே என்றான் ஆச்சரியத்தோடு. அவள் மூச்சு வாங்கினாள். காவலாளி தண்ணீர் பிடிக்கிற சாக்கில் தள்ளிப்போனார்.

"டாக்டரம்மா எங்கிட்ட சொல்லியிருந்தாங்க," என்றாள். "காய்ச்சல் விட்ட அப்புறம்தான் ஆபத்துன்னு. கை கால் சில்லுனு ஆனா தூக்கிட்டு ஓடுங்கன்னு. நீங்க மருந்துக்கடையில இருந்தீங்க. நான் உங்ககிட்ட சொல்லல."

அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் ஒன்றுமே மாறவில்லை.

"மறந்துட்டியா?"

முக்கால்வாசி உண்மை வாய்க்குள் தயாராக இருந்தது. அவன் கேட்ட விதத்திலேயே, ஆமாம்னு சொல்லிடு தில்லை என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"முதல்ல மறந்துட்டேன். அப்புறம் ஞாபகம் வந்துச்சு. பதினொன்னே காலுக்கு. முந்நூறு வரட்டும், கூப்பிடலாம்னு உக்காந்துட்டேன்."

"நான் பதினொன்னு அம்பதுக்குத்தான் போய்ப் பாத்தேன்," என்றான் மெதுவாக.

தெரியும் என்றாள். அவன் உதடு ஏதோ கணக்குப் போட்டது. போட்டு முடித்ததும் காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. முதலில் சத்தமே வரவில்லை, அப்புறம் வந்தது, ஏழு மாசமாக உள்ளே கிடந்தது மொத்தமும், ஆட்டோக்காரர் இறங்கிப் பார்க்கிற அளவுக்கு. என் தங்கமே, என் தங்கமே என்று அழுதான். அவன் குழந்தைக்காக அழுவதை அவள் இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பொறுக்க முடியாமல் அவன் தலையைத் தொடப்போனாள்.

"தொடாத தில்லை," என்றான். கோபமாகச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அழுது முடித்ததும் குழாயில் முகத்தைக் கழுவினான். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். மேல் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகுது, தூக்கிப் போடு என்றான். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபிறகு அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் திரும்பி வருவேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை, ரொம்ப தூரம் சுமந்துவந்ததை இறக்கிவைத்தவனின் அசதி மட்டும்தான் இருந்தது. ஆட்டோ வண்டலூர் பக்கம் திரும்பி, லாரிகளுக்கு நடுவில் போய்விட்டது.

உள்ளே நானூறு டிகிரி இருக்கும். ரெஜினா இருக்கிறாள். தில்லைநாயகி வெயிலிலேயே நின்று போனில் அப்பாவைக் கூப்பிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார், இன்றைய சங்கதி தெரிந்து காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்திருப்பார் போல.

"என்னம்மா, அவன் போய்த் தொலைஞ்சானா?"

"போயிட்டாருப்பா," என்றாள். "நீங்க நின்னுட்டிருந்தா கொஞ்சம் உக்காருங்க. அம்மாவையும் பக்கத்துல கூப்பிடுங்க. நான் உங்க ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணு சொல்லணும்."